கோடாலி மாமாவுக்கு இடம் பிடித்த கதை

பொங்கலுக்கு மச்சான் கொண்டுவந்த சீர்த்தட்டில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புடவை எல்லாம் முறைப்படி இருந்தன. புடவையின் மேல், வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில், கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றும் இருந்தது. அதன் அட்டையிலும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்திருந்தான்.

"உள்ள நம்ம கேம்தான் போட்டிருக்கேன் மாப்ள. பழசயே எடுத்து புதுசா பண்ணி வுட்டிருக்கானுங்க" என்று என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கித் தன் தங்கச்சி கையில் கொடுத்தான்.

அந்தத் தங்கச்சி என் மனைவி. பொங்கல் சீர் அண்ணன் தங்கைக்குச் செய்வது. அதில் புருசனுக்குப் பாத்தியதை கிடையாது. பெரிய மனது பண்ணி வேட்டி வைத்திருந்தால் வேட்டி மட்டும் அவனுடையது. வைத்திருந்தான். பெட்டியை நோக்கி நீண்ட என் கை பாதி வழியில் நிலைமையைப் புரிந்துகொண்டு, வேட்டியை எடுத்துக்கொண்டு மரியாதையாகத் திரும்பியது.

நான் பொறாமைக்காரன். இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்று என்னைத் தெரிந்த யாரும் நினைக்கமாட்டார்கள். அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கவரும், திரை மேல் ஒட்டுகிற டெம்பர் கிளாஸும் விற்கிறேன். எதிர்க்கடையில் ஒரு ஆள் சும்மா மழைக்கு ஒதுங்கி நின்றால்கூட எனக்கு இங்கே வேர்க்கும். ஆனால் அதெல்லாம் தொழில் பொறாமை, வந்து போகும். அந்தப் பெட்டியின் மேல் வந்ததுதான் அசல்.

ஏனென்றால் அந்த கேம் என்னுடையது. என்னுடையது என்றால், நான் செய்ததில்லை, வாங்கியதில்லை, சரியாகச் சொன்னால் ஆடியதுகூட இல்லை. பள்ளிக்கூடத்து நாளில் தர்மபுரியில் மணிக்கணக்குக்கு வீடியோ கேம் விடுகிற ஒரு கடை இருந்தது. நானும் மச்சானும், அப்போது அவன் வெறும் கூட்டாளி, பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவோம். அங்கே ஒரு சிடி கிடந்தது. அட்டை கிடையாது, பெயர் கிடையாது, மேலே மார்க்கர் பேனாவில் ஒரு நம்பர் மட்டும். போட்டால் முழுக்க ஜப்பான் எழுத்து. சண்டை கேம் ஆடவந்த பையன்கள் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லாரும் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கழற்றிவிடுவார்கள். யாரும் சீந்தாத அது எங்களுக்கு வந்தது.

மச்சானுக்கு விரலில் வேகம். எனக்கு வாயில். அதனால் அவன் ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வேன். திரையில் எழுத்து வந்ததும், நான் அதை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, அவர்கள் பேசிக்கொண்டது என்னவென்று சொல்லிவிடுவேன். இருவருக்கும் ஜப்பான் மொழி ஒரே அளவுதான் தெரியும். ஆனால் யாரோ ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

கதையில் நாலு பேர் ஊர் ஊராகப் போவார்கள். நெற்றியில் துணி கட்டிய பையன், அவனுக்குத் தம்பி என்று பெயர் வைத்தேன். ஊசி இல்லாமலே காயத்தை ஆற்றுகிற பெண் நர்ஸக்கா. விரல் நுனியில் தீ வரவழைக்கிற தாடிக்காரர் பீடித் தாத்தா. நாலாவது ஆள், பீப்பாய் உடம்பும் கோடாலியுமாக, கோடாலி மாமா. அந்தக் காலத்துப் படத்தில் ஆட்களுக்கு மூக்கு கிடையாது, வாய் கிடையாது. அட்டைப்பெட்டியை ஒட்டிச் செய்த மாதிரி இருப்பார்கள். மாமாவுக்கு மட்டும் மீசை வைத்திருந்தார்கள். அந்த ஒரு மீசைக்காகவே அவரை மாமா என்றோம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அவருக்கு ஒரு சின்ன மகள் உண்டு. கிரீடம் வைத்த ஒருவன்தான் வில்லன். அவன் ஊர் ஏரியை வளைத்துப் போட்டுவிட்டதாகவும், அதை மீட்கத்தான் நாலு பேரும் கிளம்பினார்கள் என்றும் சொல்லிவைத்திருந்தேன்.

பாதிக் கதையில் ஒரு கோட்டை வரும். உள்ளே தண்ணீர் ஏறும். மாமா ஒரு பெரிய இரும்புக் கதவைத் தோளில் தாங்கிப் பிடிப்பார், மற்ற மூன்று பேரும் அவருக்கு அடியில் புகுந்து வெளியே ஓடுவார்கள். திரை வெள்ளையாகிவிடும். வெள்ளையில் எழுத்து வரிசையாக வந்து போகும். மறுபடி படம் தெரியும்போது மூன்று பேர்தான் நடந்துகொண்டிருப்பார்கள்.

மச்சான் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா எங்கடா?"

எங்கள் தெருவில் ஒரு ஆம்பளை திடீரென்று கண்ணில் படாமல் போனால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பெங்களூர் போயிட்டாரு. வேலைக்கு."

மச்சான் தலையாட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான். அடுத்த காட்சியில் அந்தச் சின்ன மகள் ஆற்றங்கரையில் குனிந்து, கையில் இருக்கும் எதையோ கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டாள். கீரை அலசுகிறாள், அப்பன் இல்லாத வூட்டில் இனி அவள்தானே சோறாக்க வேண்டும் என்று விளக்கினேன். அதுவும் சரியாகத்தான் பொருந்தியது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் விஷயம். ஒரு சந்தையில் வில் வைத்த இளவட்டம் ஒருவன் வந்து தம்பியிடம் என்னவோ கேட்பான். கீழே இரண்டு கட்டம் வரும். கூட சேர்ந்துகொள்ளட்டுமா என்கிறான், அது மட்டும் எங்களுக்கே விளங்கியது. நாலாவது இடம் காலியாகத்தானே இருக்கிறது.

"துண்டு போட்டிருக்குதுன்னு சொல்லு" என்றேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வண்டி உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்போம். துண்டு கிடக்கிற இடத்தில் ராஜாவே வந்தாலும் உட்காரமுடியாது. அந்தச் சட்டப்படி மச்சான் இரண்டாவது கட்டத்தை அமுக்கினான். வில்லுக்காரன் போனான். அந்தச் சந்தைக்கு எப்போது போனாலும் மறுபடி வந்து கேட்பான். ஒவ்வொரு முறையும் இல்லை என்றோம். மாமாவின் கோடாலியும் இரும்புச் சட்டையும் மூட்டையில் அப்படியே இருந்தன. விற்கவும் இல்லை, தம்பிக்குப் போட்டுவிடவும் இல்லை. ஆள் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது?

மூன்று பேரை வைத்துக்கொண்டு கடைசி அரண்மனைக்குப் போனால் என்ன ஆகும்? கிரீடக்காரன் ஒரே வீச்சில் மூன்று பேரையும் படுக்க வைத்தான். திரும்பத் திரும்பப் போனோம். திரும்பத் திரும்பப் படுத்தோம். நாலாவதாக ஒருத்தனைச் சேர்த்தால்தான் என்ன என்று கடைக்காரரே ஒருநாள் கெஞ்சினார். எங்களுக்கு மனசு வரவில்லை. பிறகு அவர் கேம் பெட்டிகளைத் தூக்கிவிட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினார். கதை அந்த அரண்மனை வாசலில் நின்றுபோனது.

அடுத்து மச்சானே பெங்களூர் போனான். லீவில் வரும்போதெல்லாம் மாமாவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சேதி சொல்வான். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் தர்மபுரி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார், கூட்டம், ஏறமுடியவில்லை, கோடாலிக்கு லக்கேஜ் போடச் சொன்னான் கண்டக்டர், இப்படி. சில வருசம் கழித்து அந்தச் சேதி நின்றுவிட்டது. நானாகக் கேட்டாலும் பேச்சை மாற்றுவான். பெரிய கம்பெனிக்கு மாறியிருந்தான், சம்பளம் ஏறியதும் மாமாவை மறந்துவிட்டான் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவன் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகு, பஸ்ஸில் போகும்போதும் கரண்ட் போன நேரத்திலும் இந்தக் கதையைத்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஏதாவது பொருள் தொலைந்தால் "உங்க கோடாலி மாமாகூட பெங்களூர் போயிருக்கும்" என்பாள். இத்தனை வருசத்தில் எனக்கு இருந்தது ஒரே ஆசைதான். மாமா திரும்பி வந்து தன் இடத்தில் நிற்கிற காட்சியைப் பார்க்கவேண்டும். பார்க்கிற முதல் ஆள் நானாக இருக்கவேண்டும். அந்தக் காட்சி இப்போது சீர்த்தட்டில் வந்து, என் மனைவியின் கைக்குப் போய்விட்டது.

நான் அதைத் தொட்ட முதல் சந்தர்ப்பம், டெம்பர் கிளாஸ் ஒட்டுவதற்காக. கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறவன், வூட்டில் வலது மூலையில் ஒரு காற்றுக் குமிழியை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விட்டதாக அவள் இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கே நிச்சயமில்லை.

அவள் ஒரு தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஆடினாள், குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு ஆடினாள். பழைய பெட்டியில் கதையை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவைக்க முடியாது. குறிப்பிட்ட ஊருக்குப் போய், குறிப்பிட்ட விளக்கைத் தொட்டால்தான் மெமரி கார்டில் ஏறும். அதற்குள் நேரம் முடிந்துவிட்டால் அன்றைக்குச் செய்தது அத்தனையும் போச்சு. இதில் குக்கர் விசில் வந்தால் அப்படியே மூடிவைத்துவிட்டுப் போகிறாள், அது காத்திருக்கிறது. பழையதில் நாலடி வைப்பதற்குள் பூச்சியும் பேயும் குறுக்கே வந்து சண்டைக்கு நிற்கும். இதில் தூரத்திலேயே தெரிகிறது, ஒதுங்கிப் போகலாம். வழி தெரியாவிட்டால் அம்புக்குறி காட்டுகிறது. நாங்கள் ஒரு குகையில் பரீட்சை லீவு முழுக்கச் சுற்றினோம். அவள் பழம் நறுக்கிக்கொண்டே அதைக் கடந்தாள்.

"இதுல என்ன இருக்குது, இப்ப எல்லாம் ஈசியாக்கிட்டானுங்க" என்றேன்.

"கஷ்டமா இருந்தப்பகூட நீங்க ஆடலயாமே. அண்ணன் சொல்லுச்சு" என்றாள், தலை நிமிராமல்.

அதைவிடக் கொடுமை, இதில் எழுத்தெல்லாம் ஆங்கிலம், அவளுக்குப் புரிந்தது. சமையல் செய்தபடி என் கதையை ஒவ்வொரு செங்கல்லாகப் பிடுங்கினாள். நர்ஸக்கா நர்ஸே இல்லை, கிரீடக்காரனின் மகள். பீடித் தாத்தா ஒரு கல்லூரி வாத்தியார். இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது.

"இதுல ஏரியே இல்லீங்க."

"இன்னும் கொஞ்ச தூரம் போ. வரும்."

"எந்தப் பக்கமா?"

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

பிறகு மாமா வந்தார். புது மாமாவுக்கு மூக்கு இருந்தது, வாய் இருந்தது, சிரித்தால் கன்னத்தில் குழி விழுந்தது. குரல் ஒன்று கொடுத்திருந்தார்கள், தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து பேசுகிற மாதிரி கனமான குரல். நகைச்சுவையாகப் பேசுவார் போலிருக்கிறது. அடுப்படியில் இருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்ன என்று கேட்டால் மாமா ஒன்று சொன்னார் என்பாள். எனக்கும் சொல் என்றால், அவர் சொன்னால்தான் நன்றாக இருக்கும் என்பாள். கல்யாணமான நாளில் இருந்து இந்த வூட்டில் ஜோக் சொல்கிற உத்தியோகம் என்னுடையது. மீசைக்கு ஆசைப்பட்டு மாமா என்று பெயர் வைத்து வளர்த்துவிட்டவன் நான். அவர் நேராக என் அடுப்படிக்கே வந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, மீசை வைத்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

தை முடிகிற சமயத்தில் அடுப்படியில் சிரிப்பு நின்றது.

அவள் ஆடுவது நிற்கவில்லை. சொல்லப்போனால் அதிகமானது. ஆனால் நான் பக்கத்தில் போனால் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துவைத்தாள். ஏரியைப் பற்றிக் கிண்டல் இல்லை, தாத்தாவைப் பற்றிச் சேதி இல்லை. அண்ணனுக்குப் போன் மட்டும் அடிக்கடி போனது. ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து கேட்டது.

"இல்லண்ணா, அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லமாட்டேன்."

நான் உள்ளே நுழைந்ததும் அவள் குரல் மாறியது. ரசத்துக்குப் பூண்டைத் தோலோடு தட்டிப்போட வேண்டும் என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மச்சான் ரசம் குடித்துத்தான் நான் பார்த்திருக்கிறேன், வைத்துப் பார்த்ததில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமா பெங்களூரில் இருந்து திரும்பி வந்துவிட்டார். நாலு பேராக அரண்மனைக்குப் போய்க் கிரீடக்காரனை முடித்துவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் போனிலேயே அதைக் கொண்டாடிவிட்டார்கள். துண்டைப் போட்டு இத்தனை வருசம் ஜன்னலோரம் இடம் காத்தவனை விட்டுவிட்டு வண்டி கிளம்பிவிட்டது.

"மாமா வந்துட்டாரா?" என்று சாப்பிடும்போது, கூட்டு கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டேன்.

"இன்னும் வரல" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அதன் பிறகு தினமும் கேட்டேன். தினமும் அதே பதில். பொய் என்று தெரிகிறது, பிடிக்க முடியவில்லை. கடையில் ஒருவர் போனில் கிளாஸைக் கோணலாக ஒட்டி, அதை அவர் கண்டுபிடித்து, திட்டுவாங்கும் அளவுக்கு நிலைமை போனது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துகிற ஒரு நாளில், கடையில் வேலை இல்லாமல் மத்தியானமே வூட்டுக்கு வந்தேன். அவள் லேபில் இருந்தாள். பீரோவைத் திறந்தேன். சீர்ப் புடவைக்கு அடியில் பெட்டி இருந்தது. மாமா திரும்பிவரும் காட்சியைப் பார்க்காமல் இன்றைக்கு எழுந்திருப்பதில்லை என்று பனியனோடு தரையில் உட்கார்ந்தேன்.

அவள் சேமித்துவைத்திருந்தவை வரிசையாக வந்தன. நிறைய இருந்தன. எதில் நுழைவது என்று தெரியாமல், அந்தக் கோட்டையின் படம் போட்டிருந்த ஒன்றைத் தொட்டேன்.

நுழைந்ததும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பழையதில் அது நீலத் தாளை மேலே தூக்கின மாதிரி இருக்கும். இதில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மாமா கதவுக்குத் தோள் கொடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று பேரும் ஓடினார்கள், நர்ஸக்கா திரும்பிப் பார்த்தாள். மாமா சிரித்தார், கன்னத்தில் குழி விழுந்தது. மகளைப் பற்றி ஏதோ சொன்னார். நீளமாக இல்லை, என் ஆங்கிலத்துக்கே புரிகிற அளவுதான், அவளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தண்ணீர் மீசைக்கு வந்தது. பிறகுதான் திரை வெள்ளையானது.

வெள்ளையில் வந்து போன எழுத்தை முதல் தடவையாகப் படித்தேன்.

அடுத்தது ஆற்றங்கரை. மகள் குனிந்து, கையில் இருப்பதைத் தண்ணீரில் விட்டாள். கீரை இல்லை. மஞ்சள் பூ. ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள், ஒவ்வொன்றும் மிதந்து போய், வலது மூலையில் நான் விட்ட காற்றுக் குமிழிக்கு அடியில் மறைந்தது.

பழையதில் அவரை மூக்கும் வாயும் இல்லாமல் செய்தவன்தான் நல்லவன் என்று தோன்றியது.

பிறகு மற்றவற்றைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் எல்லாம் அதே கோட்டை, அதே கதவுக்கு முன்னால். ஒன்றில் மாமாவுக்கு ஊரிலேயே விலை கூடிய இரும்புச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். ஒன்றில் மூட்டை நிறைய மருந்து. இன்னொன்றில் அவர் பலத்தை எவ்வளவு ஏற்றமுடியுமோ அவ்வளவு ஏற்றி, கோடாலியையும் மாற்றியிருந்தாள். என்ன செய்தாலும் அவர் போய்க் கதவுக்குத் தோள் கொடுக்கத்தான் போகிறார். பழைய பெட்டி மாமாவை எங்களிடம் இருந்து ஒரு தடவைதான் எடுத்துக்கொண்டது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்று நான் பொறாமைப்பட்ட அந்த வசதியில், இவள் பஸ்ஸிலும் அடுப்படியிலும் திரும்பத் திரும்ப அவரைத் தொலைத்திருக்கிறாள். அந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு வயிறு எரியவில்லை.

கடைசியாகச் சேமித்ததையும் திறந்தேன். கோட்டையைத் தாண்டி, சந்தையையும் தாண்டி, அரண்மனை வாசலுக்கே போயிருந்தாள். ஆட்களைக் காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். தம்பி, நர்ஸக்கா, பீடித் தாத்தா. நாலாவது கட்டம் காலி. வில்லுக்காரனிடம் இவளும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவள், அவன் என்ன கேட்கிறான் என்று முழுசாகப் புரிந்தவள்.

மெஜஸ்டிக் சேதியை மச்சான் எப்போது நிறுத்தினான் என்பதும் நினைவுக்கு வந்தது. பெங்களூரில் எவன் அறையிலோ அவன் இதை ஆங்கிலத்தில் ஆடி முடித்திருக்கவேண்டும். முடித்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்து, அதற்கு மேல் பொய் சொல்லவும் முடியாமல் உண்மையைச் சொல்லவும் முடியாமல் பேச்சை மாற்றியிருக்கிறான்.

பெட்டியைத் துடைத்து, இருந்தபடியே புடவைக்கு அடியில் வைத்தேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். பையை மாட்டினாள், முகம் கழுவினாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் விட்டால் சந்தேகம் வந்துவிடும். எப்போதும் கேட்கிற மாதிரியே, பாலில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"மாமா வந்துட்டாரா?"

திரும்பினேன். துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டே, ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கிற அதே முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீவு கேட்டிருக்காராமுங்க" என்றாள். "மேனேஜர் தரமாட்டேங்கறானாம்."

"எந்த மேனேஜரு?"

"புதுசா ஒருத்தன் வந்திருக்கானாம். ஆளு சரியில்லயாம். மாமா மாதிரி நல்லா வேல செய்யறவங்கள வுடவே மாட்டானாம்."

நான் பாலை இறக்கிவைத்தேன். இத்தனை வருசமாக மாமாவைப் பெங்களூரில் வேலைக்கு வைத்திருக்கிறேன். தங்க இடம் கொடுத்தேன், மச்சான் பஸ் ஸ்டாண்டில் நிற்கவைத்தான், மகளுக்குக் கீரை வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு மேலே ஒரு மேனேஜரைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பெட்டி கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, இவளுக்குத் தோன்றிவிட்டது. அந்த எரிச்சலில், அவள் டம்ளரில் மட்டும் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன்.